நூல் கட்டாத துண்டு

டாக்டர்களின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் யாரும் காபியைச் சூடாகக் குடித்ததில்லை. ஸ்கேன் டாக்டர் திரையில் படத்தைப் போட்டதும் பேச்சு தொடங்கிவிடும், கோப்பைகள் ஆறிப்போகும். அன்று லீஸ்பெத் தன் கோப்பையைத் தொடவே இல்லை.

"அடுத்த கேஸ் உன் அக்கா," என்று பேராசிரியர் இங்கபோர்க் அவள் பக்கம் குனிந்து சொன்னார். "வெளியே போறதுன்னா இப்பவே போயிடு. யாரும் தப்பா நினைக்க மாட்டோம்."

"நான் இருக்கணும்னு அக்காவே சொல்லிட்டா, ப்ரொஃபசர்."

"இருந்தா வாயைத் திறக்கக்கூடாது. சொந்தக்காரங்களுக்கு நாம டாக்டர் இல்ல."

லீஸ்பெத் தலையாட்டினாள். அந்த விதியை அவளே போன மாதம் மனப்பாடம் செய்திருந்தாள்.

கென்ட் நகரத்து மருத்துவமனைக்கு அவள் போன இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தாள். ஏற்கெனவே சர்ஜன்தான். ஆனாலும் மறுபடி மாணவி. மார்பக நோய்க்கென்றே தனி மேற்படிப்பு. இந்தக் கண்டத்தில் எந்த நாட்டில் படித்தாலும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. கத்தியைத் தொடும் முன் சில மாதம் ஸ்கேன் அறையில், சில மாதம் நுண்ணோக்கியின் முன்னால், சில மாதம் மருந்து வார்டில் உட்கார வேண்டும். கெட்ட சேதியை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதற்குக்கூட வகுப்பும் மதிப்பெண்ணும் உண்டு.

அவள் கணவன் யோரிஸுக்கு அந்தப் படிப்பின் பேச்சே ஆகாது. கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் அவன் சர்ஜன். குடலிறக்கம், பித்தப்பை, மார்பகக் கட்டி, எது வந்தாலும் அவன்தான். இந்தப் பயிற்சி இல்லாதவர்கள் புது வருஷத்திலிருந்து மார்பக அறுவை செய்யக்கூடாது என்று உத்தரவு வந்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அப்ப இத்தனை வருஷம் நான் செஞ்சதுக்கு என்ன பேரு? கசாப்பா?" என்றான். அன்றிலிருந்து, வாரக் கடைசியில் அவள் வீட்டுக்குப் போனால், வானிலையைத் தவிர வேறெதையும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

போன வாரம்தான் அக்கா மரீக்கா போன் செய்தாள்.

"பயப்படாதடி. மாப்பிள்ளை டாக்டர் எனக்கு ஒரு கட்டியை எடுத்தாரு. செர்ரிப்பழம் மாதிரி, ஒண்ணுமில்லன்னாரு. இப்ப லேப்ல ஏதோ சரியில்லங்கறாங்களாம், உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் என்னை அனுப்பறாங்க. உன் பரிட்சை முடியற வரைக்கும் உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

அம்மா போன பிறகு லீஸ்பெத்துக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள் மரீக்கா. தான் படிப்பை விட்டுவிட்டு, கடலோர ட்ராம் ஓட்ட வேலைக்குப் போய்த் தங்கையை டாக்டராக்கியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எனக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் பேரு வர்றாங்க, போறாங்க. வீட்டுலயும் ஒருத்தன் எதுக்கு?" என்று சிரிப்பாள்.

இப்போது அந்த மரீக்காவின் படம் திரையில் வந்தது.

"அறுவைக்கு முன்னாடி எடுத்த படம் எதுவும் இல்ல," என்றார் ஸ்கேன் டாக்டர். "மாமோகிராமும் இல்ல, அல்ட்ராசவுண்டும் இல்ல. இது நாங்க இப்ப எடுத்தது. பெரிய ரத்தக்கட்டு. அதுக்குள்ள என்ன மிச்சம் இருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

நுண்ணோக்கி டாக்டர் வான் ஆக்கர் தாடியைத் தடவிக்கொண்டார். அவர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். "எனக்கு ரெண்டு துண்டா வந்துச்சு. நூல் கட்டல. எது மேல் பக்கம், எது நெஞ்சுப் பக்கம், எதுவும் தெரியாது. ஓரத்துல எல்லாம் புற்று தெரியுது. ஆனா எந்த ஓரம்னு என்னைக் கேக்காதீங்க. வேகமா வளர்ற வகை. மருந்துக்கு நல்லா கேக்கற வகையும்தான்."

"அதான் வயித்தெரிச்சல்," என்றாள் மருந்து டாக்டர் ஃப்ளோர். இளையவள், பட்டென்று பேசுகிறவள். "முதல்ல எங்கிட்ட அனுப்பியிருந்தா மருந்துலயே சுருக்கியிருப்பேன். பாதிப் பேருக்குக் கட்டி இருந்த இடமே தெரியாம போயிடுது. அப்புறம் சின்னதா ஒரு கீறல், முடிஞ்சது. ஒரு ஊசி குத்தித் துளி சதை எடுத்துப் பாக்காம எந்த மகானுபாவன் இதை வெட்டினது?"

"அது இங்க கேள்வி இல்ல, ஃப்ளோர்," என்றார் இங்கபோர்க்.

"கேள்விதான் ப்ரொஃபசர். இதே மாதிரி இந்த வருஷம் எத்தனை..."

"என் கணவர்," என்றாள் லீஸ்பெத்.

சொல்லக்கூடாது என்று தெரியும். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வான் ஆக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃப்ளோரின் முகம் காதுவரை சிவந்தது.

இங்கபோர்க் குரலை மாற்றாமல் முடித்தார். "மார்பகத்தை முழுசா எடுக்கணும். அப்புறம் மருந்து. யாருக்காவது வேற யோசனை இருக்கா?"

ஒருவருக்கும் இல்லை.

வராந்தாவில் இங்கபோர்க் அவளை நிறுத்தினார். "மதியம் உங்க அக்காவைப் பாக்கறேன். நீ வரலாம். டாக்டரா இல்ல, தங்கச்சியா. அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டிட்டு வா."

"எப்படி நடந்ததுன்னும் சொல்லப் போறீங்களா?"

"கேட்டாலும் சொல்லுவேன், கேக்கலைன்னாலும் சொல்லுவேன். உனக்கு நான் வேற என்ன சொல்லிக்குடுத்திருக்கேன்?" அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா அதை முதல்ல சொல்ல வேண்டியவர் உன் வீட்டுக்காரர். அவரைக் கூப்பிடு. வந்தா காத்திருக்கேன்."

லீஸ்பெத் மாடிப்படியில் உட்கார்ந்து போன் செய்தாள். யோரிஸ் வாயில் ரொட்டியோடு எடுத்தான்.

"ரெண்டு ஆபரேஷனுக்கு நடுவுல இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"முழுசா எடுக்கணும்கறாங்க, யோரிஸ்."

மெல்லும் சத்தம் நின்றது.

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பெரிய ஊர்க்காரங்க. ஓரத்துல கொஞ்சம் எடுத்தா போதும்."

"எந்த ஓரம்?"

அவன் பின்னால் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"சொல்லு. எந்த ஓரம்? நீ நூல் கட்டி அனுப்பல. ரெண்டு துண்டா அனுப்பியிருக்க."

"உருண்டையா இருந்துச்சு லீஸ்பெத். விரலுக்கு நழுவிச்சு. சாதாரணக் கட்டி அப்படித்தான் இருக்கும். இந்தக் கையால நூத்துக்கணக்கா பாத்திருக்கேன்."

"படம் ஏன் எடுக்கல?"

"உங்க அக்காவுக்கு லீவு இல்ல. ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்து நின்னாங்க, எடுத்துப் போட்டுடுங்க மாப்பிள்ளைன்னாங்க. நான் பாவம் பாத்தேன்."

"ஊசி?"

"அதுக்கு எங்க நேரம்?"

"ஒரு ஊசி, யோரிஸ். அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீ பேசறது பரிட்சை மாதிரி இருக்கு," என்றான் அவன். "அவங்ககிட்ட சொல்லாத. நோய் பெருசா இருந்துச்சு, அதனால எடுக்கறோம்னு உங்க ப்ரொஃபசர் சொல்லட்டும். அதுவும் பொய் இல்லியே. சொல்லி யாருக்கு என்ன லாபம்? உங்க அக்கா நம்ம வீட்டு வாசல்ல கால் வைக்க மாட்டாங்க. நீ படிக்கிற படிப்புக்கு முதல் பலி நானா?"

"முதல் பலி நீ இல்ல," என்றாள் லீஸ்பெத். "மதியம் அவளைப் பாக்கறாங்க. நீயே வந்து சொல்லு."

"குடலிறக்கம் ஒண்ணு மேஜையில காத்திருக்கு," என்றான் யோரிஸ். போன் துண்டானது.

மரீக்கா ட்ராம் கம்பெனிச் சீருடையிலேயே வந்தாள். காலை ஷிப்ட்டை முடித்துவிட்டு ரயில் பிடித்திருந்தாள். கேன்டீன் மேஜையில் ஒரு டப்பாவை வைத்தாள்.

"நம்ம கடல் சாம்பல் நிற இறால். உக்காந்து உரிச்சேன். நீ எலும்பும் தோலுமா ஆயிட்ட. இங்க சோறு போடறாங்களா, இல்ல பாடம் மட்டும்தானா?"

"அக்கா..."

"மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதடி. சீட்டு இல்லாம ஏறினவன் மாதிரி முழிக்கற." மரீக்கா சர்க்கரையைக் கொட்டிக் காபியைக் கலக்கினாள். "மாப்பிள்ளையை எதுவும் திட்டினியா? திட்டாத. பாவம், எனக்காக மதியச் சாப்பாட்டை விட்டுட்டுச் செஞ்சாரு. கை எவ்வளவு மெதுவா இருந்துச்சு தெரியுமா? வலியே தெரியல. தையல் போடும்போது கதை சொல்லிட்டே இருந்தாரு. நல்லாதான் புடிச்சிருக்கடி புருஷனை."

லீஸ்பெத் இறாலை எடுத்து வாயில் போட்டாள். விழுங்க முடியவில்லை. காகிதக் கைக்குட்டையில் துப்பினாள்.

மரீக்கா கலக்குவதை நிறுத்தினாள். கடற்காற்றும் வெயிலும் பழகிய அந்த முகம் ஒரு நொடியில் வயதாகிவிட்டது.

"சரி," என்றாள். "எந்த ரூமு?"

இங்கபோர்க் சுற்றி வளைக்கவில்லை. இருவருக்கும் நடுவில் மேஜை இல்லாமல், நாற்காலியை மரீக்காவின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நோயின் பேரைச் சொன்னார். மருந்து நன்றாகக் கேட்கும், உயிருக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார். பிறகு இடது மார்பகத்தை முழுவதும் எடுக்க வேண்டும் என்றார்.

மரீக்கா மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

"செர்ரிப்பழம்னு சொன்னாங்களே."

"மரீக்கா, இது எப்படி இங்க வந்து நின்னதுன்னும் நீங்க தெரிஞ்சுக்கணும். அது உங்க உரிமை. நான் சொல்லட்டுமா?"

மரீக்கா பேராசிரியரைப் பார்க்கவில்லை. கோட்டு இல்லாமல், வெறும் ஸ்வெட்டரோடு மூலையில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கு. நீ சொல்லு."

வகுப்பில் சொல்லிக்கொடுத்த எதுவும் லீஸ்பெத்துக்கு நினைவு வரவில்லை. மெதுவாகப் பேசு, கண்ணைப் பார், இடைவெளி விடு என்றெல்லாம் அங்கே எழுதி வைத்திருந்தாள். இப்போது அக்காவின் காலணியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு கட்டியை எடுக்கறதுக்கு முன்னாடி படம் எடுக்கணும், அக்கா. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பாக்கணும். ரெண்டும் நடக்கல. நடந்திருந்தா முதல்லயே தெரிஞ்சிருக்கும். உனக்கு வந்திருக்கற வகைக்கு முதல்ல மருந்துதான். கட்டி சுருங்கும். அப்புறம் மிச்சத்தை மட்டும் எடுத்தா போதும்."

"அப்ப மாரு இருந்திருக்கும்."

"பெரும்பாலும்... இருந்திருக்கும்."

"இப்ப கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாதா?"

"எங்க மிச்சம் இருக்குன்னு தெரியல. எடுத்த துண்டுல எது எந்தப் பக்கம்னு நூல் கட்டி அனுப்பணும். அனுப்பல."

"நூலா?"

"ஆமா. அடையாளத்துக்கு ஒரு நூல்."

மரீக்கா தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினாள். பிறகு, ஏதோ சின்னச் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எனக்குத் தையல் போட்டாரே. கையில நூல் இருந்துச்சே."

லீஸ்பெத் வாயைப் பொத்திக்கொண்டாள். அழக்கூடாது, இது அவள் அழும் இடம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இங்கபோர்க்கின் கை மரீக்காவின் முழங்கையில் இருந்தது. மரீக்கா அதை விலக்கவில்லை. ஆனால் தங்கை எழுந்து அருகே வந்தபோது உள்ளங்கையைக் காட்டித் தடுத்தாள்.

"எப்போ தெரியும் உனக்கு? படம் எடுக்கல, ஊசி போடலங்கறது?"

"நீ போன் பண்ணின அன்னிக்கே. நீ சொன்னதை வெச்சே புரிஞ்சுது."

"ஒரு வாரமா தினம் பேசினோமே. நானும் மாப்பிள்ளை நல்லவரு, மாப்பிள்ளை நல்லவருன்னு சொல்லிட்டே இருந்தேன். நீயும் ம், ம்னு கேட்டுட்டே இருந்த."

"சொல்ல வாய் வரல, அக்கா."

"உனக்கு வாய் வரணும்னுதான்டி நான் வண்டி ஓட்டினேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டவும் இல்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஆபரேஷன் எப்போது, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம் என்று பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டாள். கதவைத் தானே திறந்தாள்.

வெளியே யோரிஸ் நின்றுகொண்டிருந்தான்.

ஆபரேஷன் அறைச் செருப்பைக்கூட மாற்றவில்லை. பச்சை உடுப்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு காரை ஓட்டி வந்திருக்கிறான். குடலிறக்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்திருப்பான் போல. மரீக்காவைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். சொல்ல வந்ததை வேறு யாரோ சொல்லி முடித்துவிட்டார்கள் என்று புரிந்தது.

"மன்னிச்சிடுங்க," என்றான்.

"வந்துட்டீங்களே, அதுவே பெருசு," என்றாள் மரீக்கா. அதில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. "நானும்தான் அவசரப்படுத்தினேன். ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம். அதை நினைச்சு நான் அழுதுக்கறேன். உங்க பங்கை நீங்க அழுங்க."

"நான் வேணும்னு..."

"தெரியும். வேணும்னு செய்வீங்களா? அதனாலதான் இன்னும் அதிகமா வலிக்குது. யாரையாவது வெறுத்துட்டாக்கூட நல்லாருக்கும்."

யோரிஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அகலமான அந்தத் தோள்கள் குலுங்கின. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் லீஸ்பெத் அவன் அழுது பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு மனது. அக்காவின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு மனது. இருவருக்கும் நடுவில், வராந்தாவின் சுவரில் சாய்ந்து, எந்தப் பக்கமும் போக முடியாமல் நின்றாள்.

மரீக்கா படிக்கட்டுவரை போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். புது வருஷம் வரைக்கும் உங்களுக்கு அனுமதி இருக்குல்ல?"

யோரிஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கு அப்புறம் யாருக்காவது தேதி குடுத்திருக்கீங்களா?"

அவன் மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"யோரிஸ்," என்றாள் லீஸ்பெத். "கேக்கறாள்ல. பதில் சொல்லு."

"வியாழக்கிழமை," என்றான் அவன் தரையைப் பார்த்து. "ஒருத்தங்க இருக்காங்க."

"ஊசி போட்டுப் பாத்தியா அவங்களுக்கு?" என்றாள் லீஸ்பெத்.

"சின்னக் கட்டிதான்... நழுவுது..."

அவன் சொல்லச் சொல்ல அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். பாதியில் நின்றுபோனது.

"பேரைச் சொல்லுங்கன்னு கேக்க மாட்டேன். சொல்லக்கூடாதுன்னு எனக்கும் தெரியும்," என்றாள் மரீக்கா. "ஆனா அந்த ஊர்ல யாரா இருந்தாலும் என் வண்டியில ஏறினவங்கதான். காலையில எனக்குக் குட்மார்னிங் சொன்னவங்கதான். கூப்பிடுங்க அவங்களை."

"நாளைக்குக் காலையில நான்..."

"இப்ப. என் கண்ணு முன்னாடி."

"என்னன்னு சொல்ல?" என்றான் யோரிஸ். கேள்வி மரீக்காவிடம் இல்லை, மனைவியிடம். "என்னன்னு சொல்லணும், லீஸ்பெத்? நீதானே அதைப் படிக்கற."

லீஸ்பெத் அவன் அருகே வந்து மண்டியிட்டாள். "வியாழக்கிழமை வேணாம்னு சொல்லு. நான் செய்யக்கூடாது, கென்ட்டுக்குப் போங்கன்னு சொல்லு. ஏன்னு கேப்பாங்க. உண்மையைச் சொல்லு."

யோரிஸ் மழைக்கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தான். ஒரு தையலில்கூட நடுங்காத அந்த விரல்கள் இருமுறை தவறான எண்ணைத் தொட்டன. மூன்றாம் முறை மணி அடித்தது. மரீக்கா கைகளை மார்பின்மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல், உற்சாகமாக. "டாக்டரா? நல்லவேளை நீங்களே கூப்பிட்டீங்க. வியாழக்கிழமையை நாளைக்கே மாத்த முடியுமான்னு கேக்கலாம்னு இருந்தேன். உங்க கையில குடுத்துட்டா எனக்குப் பயமே இல்ல."

யோரிஸ் வாயைத் திறந்தான். கண் மரீக்காவின் மேல் போனது.

"டாக்டர்? லைன்ல இருக்கீங்களா?"